எங்கள் வீட்டில் எத்தனை பேர்

1

இந்த நாட்டில் வந்து இறங்கி ஐந்து வருஷம் முடிந்த அன்று இரண்டு கடிதம் வந்தது. ஒன்று காருக்கு, இன்னொன்று வீட்டுக்கு. எனக்கென்று ஒன்றும் வரவில்லை. வாழ்த்துச் சொல்லவும் ஆள் கிடையாது. என் மனைவி ஸ்டெல்லா மட்டும் தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி கேன்டீனில் மிஞ்சிய கேக்கில் ஒரு துண்டு கொண்டுவந்திருந்தாள்.

நம் ஊர் இரும்புலியூரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறீர்கள். "கனடாவுல சொந்த வூடு, சொந்த காரு, உனக்கு இன்னாப்பா!" எனக்கு இன்னா என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீடு பாங்குடையது. காரை எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிச் சலித்து விற்றிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் மட்டும்தான் சுத்தமாக என் பெயரில் இருக்கிறது.

நம் ஊரில் வண்டி இன்சூரன்ஸ் என்றால் போலீஸ் நிறுத்தும்போது எடுத்துக் காட்டும் காகிதம். வீட்டுக்கு இன்சூரன்ஸ் என்றால் எங்கள் தெருவில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இங்கே அந்தக் காகிதம் இல்லாமல் காரை வாசலை விட்டு நகர்த்த முடியாது. வீட்டுக்கு அது இல்லையென்றால் பாங்குக்காரன் சாவியைக் கேட்பான். அதனால் அவர்கள் வருஷா வருஷம் ஏற்றுகிறார்கள், நாம் வருஷா வருஷம் கட்டுகிறோம். முதல் வருஷம், லைசென்ஸ் புதுசு என்று ஏற்றினார்கள். அடுத்த வருஷம் எங்கள் பேட்டையில் கார் திருட்டு அதிகம் என்றார்கள். திருடினவனுக்கு ஏற்றியிருக்கலாம், ஆனால் அவன் விலாசம் அவர்களிடம் இல்லை, என் விலாசம் இருந்தது. அதற்கும் அடுத்த வருஷம் எங்கோ புயல் அடித்து யார் யாருடைய கூரையோ பறந்துபோனதாம். முகம் தெரியாத அந்த ஆட்களின் கூரைக்கு டயர் கடையில் வேலை செய்கிற நான் ஓடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இந்தத் தடவை ஏறியது அந்த மாதிரி இல்லை. காருக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு. வீட்டுக்கும் கால் பங்கு கூடுதல். நான் பத்தாவதில் இங்கிலீஷைத் தொட்டும் தொடாமலும் விட்டவன். கடிதம் படிப்பது எப்போதும் ஸ்டெல்லாதான்.

"ஏங்க, இதுல செல்வராஜ் பேரு போட்டிருக்கு."

"எங்க?"

"காருக்கும் போட்டிருக்கு, வீட்டுக்கும் போட்டிருக்கு. அவன் நம்ம வீட்லயா இருக்கான்? யாருங்க இவங்ககிட்ட சொன்னது?"

"கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிருக்கும். இந்த ஊர்ல கம்ப்யூட்டருக்குத் தெரியாததே கெடையாது."

"கம்ப்யூட்டருக்கு அவன் உங்க அத்தை பையன்னு எப்படித் தெரியும்? கசின்னு போட்டிருக்கு."

நான் கேக்கைப் பெரிதாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், ஜுரம் எவ்வளவு என்று தெர்மாமீட்டர் இல்லாமலே தெரிந்துவிடும்.

2

அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டு ரேஷன் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தாம்பரத்தை ஒட்டி, இரும்புலியூர் லெவல் கிராஸிங் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா ரயில்வேயில் கேட் கீப்பர். வீட்டில் இருந்தது அப்பா, அம்மா, நான். கார்டில் இருந்தது ஏழு பேர். ஊரப்பாக்கத்தில் இருந்த லில்லி அத்தை, அவள் புருஷன், அவர்கள் பையன் செல்வராஜ், அப்புறம் எங்கள் தாத்தா. தாத்தா செத்து இரண்டு வருஷம் ஆகியும் மாதாமாதம் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தார். அவர் செத்ததே சர்க்கரை வியாதியில்.

பேர் கூடினால் அரிசி கூடும், மண்ணெண்ணெய் கூடும். ஆனால் அப்பா அத்தை பேரைச் சேர்த்தது அரிசிக்காக இல்லை. தாம்பரம் விலாசம் இருந்தால்தான் செல்வராஜுக்கு தாம்பரம் ஸ்கூலில் இடம் கிடைக்கும். அவன் என்னைவிட நாலு வயது சின்னவன், படிப்பில் கெட்டி. "இவனுக்கும் சேத்து அவனாவது படிக்கட்டும்" என்று அப்பா என் எதிரிலேயே சொல்வார். அத்தை ஒருமுறை எதையோ மடியில் முடிந்து கொண்டுவந்து நீட்டியபோது, "பேரு போட்றதுக்கு மை செலவு மட்டும்தாம்மா, போ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒருநாள் சப்ளை ஆபீஸ் இன்ஸ்பெக்டர் கார்டு சரிபார்க்க வருகிறார் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. அவர் வரும் நாளில் அப்பாவுக்கு டியூட்டி. அம்மாவுக்குப் பொய் வராது. அதனால் முதல்நாளே என்னை உட்காரவைத்து மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஸ்கூலில் வராத மனப்பாடம் எனக்கு அன்று வந்தது.

"எத்தினி பேருப்பா வூட்ல?"

"ஏழு பேர் சார்."

"எங்க, ஒருத்தரையும் காணோம்?"

"அப்பா கேட்ல கீறாரு சார். மாமா வேலைக்குப் போயிகீறாரு. அத்தை கூடுவாஞ்சேரி சந்தைக்கு. செல்வராஜ் டியூஷன்."

"தாத்தா?"

தாத்தாவுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லித்தரவில்லை. நானே போட்டேன். "கக்கூஸ்ல கீறாரு சார்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். டீயும் முடிந்தது. கொல்லைப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"இன்னாப்பா, உங்க தாத்தா உள்ள போயி ரொம்ப நேரம் ஆவுதே?"

"அவருக்கு எப்பவும் அப்பிடித்தான் சார்."

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருசமா சார்."

அந்த மனுஷன் சிரித்த சிரிப்பில் கேட்டில் நின்ற லாரிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். பேனாவை எடுத்துத் தாத்தாவை மட்டும் அடித்தார். "பெரியவரை நான் அனுப்பி வெச்சுடறேன், மத்தவங்க இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராத்திரி அப்பா எனக்கு ஒரு முழு ஆம்லெட் வாங்கித் தந்தார்.

செல்வராஜ் பெயர் கார்டில் என் பெயருக்கு நேர் கீழே இருந்தது. எங்கள் வீட்டில் அவன் ஒருநாள்கூடத் தங்கியதில்லை.

3

இங்கேயும் அவன் தங்கவில்லை.

போன வருஷம் ஏதோ கோர்ஸ் படிக்க வந்தான். இப்போது இங்கேயே இருக்க விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். ஒரு வீட்டின் அடித்தளத்தில், தரைக்குக் கீழே ஐந்து பேர் தங்கும் அறையில் ஒரு மெத்தை அவனுக்கு. ராத்திரியில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அந்த வீட்டுக்காரன் அடித்தளத்தை வாடகைக்கு விட்டிருப்பதை யாருக்கும் சொல்லவில்லை. அதனால் அந்த விலாசத்துக்குக் கடிதமே வரக் கூடாது. செல்வராஜ் லைசென்ஸுக்கும் விண்ணப்பத்துக்கும் எங்கள் விலாசத்தைக் கொடுத்தான். அவன் அம்மாவுக்கும் எங்கள் விலாசமும் போன் நம்பரும்தான். மகன் அண்ணன் மகன் வீட்டில் தங்கி, ஸ்டெல்லா கையால் சாப்பிடுகிறான் என்று லில்லி அத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். பாதி உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை காலைக் கோயில் முடிந்து வந்து எங்கள் வீட்டில் சாப்பிடுவான். அத்தையும் மாதம் ஒருமுறை அந்த நேரம் பார்த்து ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் பண்ணுவாள். மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவள், "சாப்டியா, சளி புடிச்சிகிதா, வெச்சுடறேன்" என்று மூச்சுவிடாமல் முடிப்பாள்.

அதுவரைக்கும் எந்தக் கம்பெனிக்கும் அவனைத் தெரியாது. தெரியவைத்தது நான்தான்.

இரண்டு மாதம் முன்னால், ஏன் வருஷா வருஷம் ஏற்றுகிறீர்கள் என்று கேட்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நானே என் ஓட்டை இங்கிலீஷில் போன் செய்தேன். ஸ்டெல்லா செய்கிறேன் என்றாள். நான் ஆம்பிளை இல்லையா! எடுத்த பெண் மிகவும் தன்மையாகப் பேசினாள். கார் எப்படி இருக்கிறது, குளிர் எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டாள். இந்த நாட்டில் ஐந்து வருஷத்தில் என்னிடம் அவ்வளவு பிரியமாக யாரும் பேசியதில்லை. அந்தக் குஷியில் இருந்தேன். அப்போது கேட்டாள், உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று.

என் வாழ்க்கையில் சர்க்கார் தோரணையில் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். கூட்டிச் சொல்வது. ஸ்டெல்லா, நான், மகள் ப்ரீத்தி, என் அத்தை பையன் செல்வராஜ் என்றேன். கசின் என்றால் பிரதர் மாதிரி என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்றாள். இருக்கிறதே, கெட்டிக்காரன், பீட்சா ஓட்டுகிறான் என்றேன் பெருமையாக. வயது கேட்டாள், சொன்னேன். தேங்க்ஸ் சொன்னாள். நானும் தேங்க்ஸ் சொன்னேன்.

தாம்பரத்தில் ஒரு பேர் சேர்த்தால் நாலு கிலோ அரிசி வரும். இங்கே ஒரு பேர் சேர்த்தால் நம் அரிசி போகும். இதை எனக்கு யாரும் மனப்பாடம் செய்துவைக்கவில்லை.

கடிதம் வந்த மறுநாள் ஸ்டெல்லா கம்பெனியைக் கூப்பிட்டாள். இரண்டே வழி என்றார்கள். அவன் இந்த வீட்டில் இருக்கிறான் என்றால் புதுத் தொகையைக் கட்ட வேண்டும். இல்லை என்றால் இல்லையென்று கையெழுத்துப் போட வேண்டும், அவன் லைசென்ஸிலிருந்து எங்கள் விலாசத்தை எடுக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் மாதக் கடைசியில் ரத்து.

ஸ்டெல்லாவுக்கு விடிகிறதுக்கு முன்னால் ஷிப்ட். முதல் பஸ் வருவதற்குள் அவள் வார்டில் நிற்க வேண்டும். கார் நின்றால் வேலை நிற்கும், அவள் வேலை நின்றால் வீடு நிற்காது. டயர் கடையில் எனக்குக் கொடுப்பதில் வீட்டுக்கு ஒரு ஜன்னல் வாங்கலாம்.

"நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றாள். "வாய உட்டது நீங்கதான். நீங்களே சொல்லுங்க."

4

செல்வராஜை டோனட் கடைக்கு வரச் சொன்னேன். அவன் பீட்சாக் கடைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தான். இரண்டு டோனட்டும் காபியும் அவன் முன்னால் வைத்தேன்.

"இன்னா மச்சான், கேக்காமயே வாங்கித் தர்ற? ஊர்ல யாராவது போய்ட்டாங்களா?"

"உன்ன மாதிரி ஆளுங்க இருக்கும்போது அவங்க ஏன்டா போவணும்? சாப்புடு."

சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்லவில்லை. முடித்ததும் சொன்னேன். யார் கம்பெனிக்குச் சொன்னது என்பதை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைக் காகிதத்தில் துடைத்தான். "மாத்திக்கிறேன் மச்சான். ஆனா எங்க மாத்துறது? வூட்டுக்காரன் லெட்டர் வந்தாலே பேஜார் பண்றான். அஞ்சு பேர் கீறோம், அவன் கணக்குல ஒருத்தன்கூட இல்ல."

"வேற ஃப்ரெண்டு யாராவது?"

"எல்லாரும் என்ன மாதிரிதான். அட்ரஸ் கீறவன் நீ ஒருத்தன்தான்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான், "பேப்பர் இப்ப பாதியில நிக்குது. இப்ப அட்ரஸ் மாறினா மறுபடியும் மொதல்லேர்ந்து பாப்பாங்கன்றாங்க. மூணு மாசம் பொறுத்துக்க மச்சான்."

"மூணு மாசம் ஸ்டெல்லா வேலைக்கு எதுல போவா? உன் தோள்லயா?"

"எச்சா வர்ற துட்ட நான் தர்றேன்."

"நீ இன்னாடா தருவ? பீட்சா தருவியா?"

சின்ன வயதிலிருந்து நான் இவனை ஓட்டிக்கொண்டே இருப்பேன். அவனும் சிரித்துக்கொண்டே இருப்பான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. நானும் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"உங்கப்பா எங்கம்மாகிட்ட இப்படிக் கேட்டாரா மச்சான்?"

"அது ரேஷன் கார்டுடா. அங்க பேரு போட்டா காசா கேட்டாங்க?"

"காசு கேட்டிருந்தாலும் உங்கப்பா போட்டிருப்பாரு."

"அந்த நாடு வேற, இந்த நாடு வேற."

"நாடு வேறதான்." எழுந்து ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்தான். "கையெழுத்துப் போட்டுக்க மச்சான், லைசென்ஸ்ல அட்ரஸ எடுத்துட்றேன். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ஸ்டெல்லாக்காகிட்ட சொல்லு, ஞாயித்துக்கெழம எனக்கு உலை வெக்க வேணாம்."

காபியை அவன் குடிக்கவே இல்லை. நான் குடித்தேன், காசு கொடுத்து வாங்கியதாயிற்றே.

5

அந்தப் படிவத்தில் இருந்தது இவ்வளவுதான்: மேற்படி நபர் எங்கள் வீட்டில் வசிக்கவில்லை, இதற்கு முன்பும் வசித்ததில்லை, எங்கள் காரை ஓட்ட மாட்டார். ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. என் வாழ்க்கையில் ஆபீஸ் காகிதத்தில் நான் முதல் தடவையாக உண்மையை எழுதினேன்.

சரிபார்க்க எப்போதாவது போன் செய்வோம், யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். நம் ஆட்களுக்காகத் தமிழ் பேசும் ஆளையும் வைத்திருக்கிறார்களாம். எங்கள் வீட்டில் போன் மணி அடித்தால் முதலில் ஓடுவது ப்ரீத்தி. ஆறு வயது. நாங்கள் தமிழில் பேசினால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். தமிழ் எங்களுடைய வியாதி, தனக்கு ஒட்டாது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பாள். அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். செல்வராஜ் இருக்கிறாரா என்று யார் கேட்டாலும், இங்கிலீஷில் கேட்டால் இங்கிலீஷில், தமிழில் கேட்டால் தமிழில்.

"அப்படி யாரும் இங்க இல்ல. எப்பவும் இருந்ததில்ல."

"அபடி யாரம்..."

"அப்படி யாரும்."

இரண்டு நாளில் வந்துவிட்டது. நாக்கு புரண்டு, கொஞ்சம் இரும்புலியூர் வாசனையோடு. சரியாகச் சொன்னால் ஒரு டோனட் என்று பேசி வைத்திருந்தேன். ஐந்து வருஷத்தில் என் மகள் முழுதாகக் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வாக்கியம் அது. நான் பெருமைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஸ்டெல்லா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "இதச் சொல்லிக்கொடுக்கத்தான் இவளுக்குத் தமிழா?"

"தமிழ் சாகாம இருக்கணும்ல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்போது யாருமே சிரிப்பதில்லை, நான் மட்டும் பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியில் புதுக் கடிதம் வந்தது. காருக்குக் குறைத்திருந்தார்கள், ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. இந்த வருஷம் எங்கள் பேட்டைக்கே ஏற்றமாம். வீட்டுக்கு ஏற்றியது ஏற்றியதுதான், கூரைகள் இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன போலிருக்கிறது. ஒரு ஆளை வெட்டிவிட்டதற்கு மாதத்துக்கு எனக்கு மிஞ்சியதில் குடும்பத்தோடு உட்கார்ந்து இரண்டு பீட்சா சாப்பிடலாம். இந்தக் கணக்கை நான் ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.

6

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டெல்லா ஷிப்ட்டில் இருந்தாள். நான் பாத்ரூமில் சவரம் செய்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. ப்ரீத்தியின் காலடி ஓடியது.

"ஹலோ" என்றாள். பிறகு கணீரென்று தமிழ்.

"அப்படி யாரும் இங்க இல்ல."

பிளேடைக் கீழே வைத்தேன்.

"இல்ல. எப்பவும் இருந்ததில்ல."

நான் முகத்தில் பாதி நுரையோடு ஓடிவருவதற்குள் ரிசீவரை அதன் இடத்தில் ஒழுங்காக வைத்துவிட்டாள். யார் என்று கேட்டேன். ஒரு லேடி, தமிழ் லேடி என்றாள் இங்கிலீஷில். முதலில் செல்வா என்று கேட்டார்களாம். இவள் சொன்னாளாம். அந்த லேடி வேகவேகமாக என்னென்னவோ சொன்னார்களாம், இவளுக்குப் புரியவில்லையாம், அம்மா, அம்மா என்றது மட்டும் புரிந்ததாம். அதனால் சொல்லிக்கொடுத்ததில் மிச்சமிருந்ததையும் சொன்னாளாம். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் ஒன்றுமே பேசவில்லையாம். அப்புறம் லைன் போய்விட்டதாம்.

ஊரப்பாக்கத்தில் அப்போது சாயங்காலம். பூத்துக்குள் மீட்டரில் சிவப்பு எண் ஓடிக்கொண்டிருந்திருக்கும். அந்த எண்ணுக்குப் பயந்து ஒரு சொல் அதிகம் பேசாதவள், ஒன்றுமே பேசாமல் அதை ஓட விட்டிருக்கிறாள்.

"டாடி, நான் கரெக்டா சொன்னேனா? டோனட்?" இந்த இரண்டையும் தமிழும் இங்கிலீஷும் கலந்து கேட்டாள்.

பூத்துக்குத் திருப்பிப் போன் செய்ய என்னிடம் நம்பர் இல்லை. அப்பா வீட்டில் போன் கிடையாது. ஸ்டெல்லா வந்ததும் அந்த அடித்தள வீட்டுக்கு ஓடினேன். அவன் இரண்டு வாரம் முன்பே காலி செய்துவிட்டானாம். எங்கே என்று அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பீட்சாக் கடையிலும் நின்றுவிட்டானாம். திரும்பி வரும்போது ஜாம் ஒழுகும் டோனட் ஒன்று வாங்கிவந்தேன். பேசியதைப் பேசியபடி கொடுக்க வேண்டும் அல்லவா.

நேற்று அவனுக்கு ஒரு கடிதம் வந்தது, சர்க்கார் முத்திரையோடு, எங்கள் விலாசத்துக்கு. நல்லதா கெட்டதா தெரியாது. பிரிக்கவில்லை. மேசைமேல் இருக்கிறது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும், நான் போட்ட கையெழுத்து அப்படி. அனுப்பவில்லை.

அத்தைக்கு எழுதியிருக்கிறேன். அது போய்ச் சேர பதினைந்து நாள் ஆகும். அதற்கு முன்னால் நான் எழுதும் இது பத்திரிகையில் அச்சாகி உங்கள் கைக்கு வந்தால், ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் யாராவது எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். பூத்தைத் தாண்டி மூன்றாவது வீடு. லில்லி அத்தை என்றால் காட்டுவார்கள். உங்கள் மகனுக்கு ஒன்றுமில்லை, நல்லா இருக்கிறான், அண்ணன் மகன் வீட்டில்தான் இருக்கிறான் என்று சொல்லுங்கள். எத்தனை பேர் அந்த வீட்டில் என்று கேட்டால், நாலு பேர் என்று சொல்லுங்கள்.